தனகோடி பிடுங்கிய வெட்டிவேர்

நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, அது என்ன மலை என்று கேட்பார்கள். தனகோடியிடம் கேட்டால், "அதுவா? அது எங்கப்பன் வூடு" என்பாள்.

அது பொய்யில்லை. அவளுடைய அப்பா ராமசாமி குடியிருந்த தெரு கம்மாபுரத்துப் பக்கம் இருந்தது. சுரங்கம் அங்கே வந்தபோது, தெருவும் குளத்தங்கரையும் மேல்மண்ணோடு மேல்மண்ணாக வாரப்பட்டு அந்த மேட்டில்தான் போய் விழுந்தன. ராமசாமிக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். நிலம் கொடுத்தவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் சுரங்கக் கம்பெனியில் பர்மனெண்ட் ஆவார் என்ற பேச்சு அந்த வீட்டு வாசல்வரை வரவேயில்லை. அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கடலூர் பக்கம் வெட்டிவேர் போடுகிற ஊரில் கொடுத்தார்கள். அடுத்தவளை விருத்தாசலத்தில் கொடுத்தார்கள். கடைக்குட்டி தனகோடியை உள்ளூரிலேயே, சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டைத் துடைக்கிற காண்ட்ராக்ட் வேலை பார்த்த வேணுவுக்குக் கட்டிவைத்தார்கள்.

வேணுவுக்கு ஒரே தங்கை. அவளைக் கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி வேலைக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தங்கை மகன் வளவன் வளர்ந்து தேயிலை லாரி ஓட்டினான். தனகோடியின் மகள் எழில்மதி அவனுக்கு மாமன் மகள், உரிமைப் பெண். கேட்டு வந்தார்கள், கொடுத்தார்கள். சமவெளியில் பிறந்த பெண் மலைக்கு மருமகளாகப் போனாள்.

போன புதிதில் எல்லாம் குளிரைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. பேரப்பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த வருஷம், மழை விட்ட ஒரு காலையில் எழில்மதி போன் பண்ணினாள்.

"அம்மா, வூட்டுக்குப் பின்னால சரிவுல மண்ணு வெடிச்சிகினு கெடக்குதும்மா. என் கை உள்ள போவுது."

"புள்ளயத் தூக்கிகினு இன்னைக்கே கெளம்பி வா" என்றாள் தனகோடி.

போனை வாங்கி வளவன் பேசினான். "வந்து என்னா அத்தை பண்றது? மாமா மாதிரி பெல்ட்டு தொடைக்கிறதா? அதுக்கும் இப்ப ஆயிரம் பேரு நிக்கறான். இங்க வேலை இருக்குது, வூடு இருக்குது. பாத்துக்கலாம் வுடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேணுவுக்கு மருமகன் சொன்னது சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கே தெரியும் என்பதால் எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இங்கே தூறல் போட்டால் தனகோடி அங்கே போன் போடுவாள்.

அவளுக்கு மேட்டில்தான் வேலை. மண்மேடு மழையில் கரைந்து சரியாமலிருக்க அதன் சரிவில் புல்லும் மரமும் நடுவார்கள். அந்தக் காண்ட்ராக்ட்டில் பெண்கள் கும்பலொன்று போய்வந்தது. அவளும் அவளுடைய சிநேகிதி பொற்கொடியும் அதில் முன்னால் நிற்கிறவர்கள். பொற்கொடி அந்த வெட்டிவேர் ஊரிலேயே பிறந்தவள். தனகோடியின் அக்காவுக்கு அடுத்த தெரு. ஒவ்வொரு தையிலும் இவர்கள் கும்பலாகக் கிளம்பி அந்தப் பக்கம் வெட்டிவேர் பிடுங்கப் போவது வழக்கம். வெட்டிவேரும் ஒரு புல்தான். ஆகவே புல் நடுவதென்றால் இந்தப் பெண்களுக்குச் சோறு வடிக்கிற மாதிரி.

அப்படி இருக்கும்போதுதான் மேட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மலை எங்கே சரியும், எப்படிச் சரியும், சரியாமலிருக்க என்ன செய்யலாம் என்று பார்க்கப் பல நாடுகள் சேர்ந்து போட்ட திட்டம் ஒன்று. ஒரு நாட்டு மலையில் கற்றுக்கொண்டதை இன்னொரு நாட்டு மலைக்குக் கொண்டுபோய்ச் சொல்வார்களாம். இங்கே அதற்குப் பொறுப்பாக இருந்த இஞ்சினியர் செங்குட்டுவன், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பையன். அவரோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லூக்கா, இத்தாலி நாட்டின் பனிமலைப் பக்கத்துக்காரர். நரைத்த தாடி, வெயிலில் தக்காளியாகச் சிவந்த முகம். இன்னொருத்தி மாயா, நேபாளத்துப் பெண். எழில்மதியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

பொற்கொடிக்கு மனதில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது. "மலையே இல்லாத ஊருக்கு மலைக்காரங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

செங்குட்டுவன் அதை இங்கிலீஷில் சொல்ல, லூக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சொன்ன பதிலைச் செங்குட்டுவன் தமிழில் சொன்னார். "மலையில பரிச்சை பண்ணிப் பாக்கணும்னா கீழ ஜனங்க இருக்காங்க. தப்பாப் போனா உயிர் போயிடும். இங்க கீழ யாரும் இல்ல. சரிஞ்சா சரியட்டும்னு நின்னு பாக்கலாம். அதோட மலை மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மறைச்சு வெக்கிறதை இந்த மண்மேடு ஒரு மழையில காட்டிடும்."

"எங்கப்பன் வூட்டு மண்ணாச்சே, வாய அடக்கத் தெரியாது" என்றாள் தனகோடி.

மேட்டின் ஒரு சரிவை வேலிகட்டி எடுத்துக்கொண்டார்கள். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க இரண்டு இடத்தில் குழாய் இறக்கினார்கள். சரிவுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக வெட்டிவேர் நடவேண்டும் என்றார்கள். புரட்டாசியில் நட்டார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. நட்ட வரிசை நட்டவளுடையது. களை எடுப்பதும் அவள்தான், பட்டுப்போனால் மாற்று நடுவதும் அவள்தான். அடுத்தவள் வரிசையில் கை வைத்தால் அன்றைக்குப் பெரிய சண்டை. கடலோரத்துக் கொல்லைகளில் அதுதான் வழக்கம். அதையே மேட்டுக்கும் கொண்டுவந்தார்கள். தனகோடியின் வரிசை அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

மாயா வெயில் பாராமல் இவர்களோடு உட்கார்ந்து நடுவாள். தனகோடியை "தீதி" என்று கூப்பிடுவாள். தீதி என்றால் அவர்கள் ஊரில் அக்கா. ஒருநாள் சோற்று வேளையில், மாயாவின் தாய்மாமன் வீடு ஒரு மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகையோடு மண்ணுக்குள் போனதைச் செங்குட்டுவன் சொன்னார். "மாமன், மாமி எல்லாம்?" என்று தனகோடி கேட்டாள். யாரும் மிஞ்சவில்லை என்று மாயா தலையை ஆட்டினாள். தனகோடி தன் தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பை அவள் தட்டில் ஊற்றினாள்.

கைகழுவிவிட்டு வந்ததும் தனகோடி செங்குட்டுவனைத் தனியே பிடித்தாள். "சார், இது இங்க நின்னுடுச்சின்னா, கோத்தகிரிப் பக்கம் எடுத்துகினு போவீங்களா? எம்பொண்ணு வூடு அங்கதான் இருக்குது."

"நீலகிரியில பாக்கிறதுக்கு நாலஞ்சு சரிவு சொல்லியிருக்கோம்மா. உங்க பொண்ணு ஊரும் அதுல ஒண்ணு. ஆனா நேபாளம் கேக்குது, பெரு கேக்குது, எல்லா மலையும் கேக்குது. ரெண்டு மழைக்காலம் இங்க தாங்குதுன்னு காட்டணும். ரெண்டாவது மழை முடிஞ்சு மாசியில மீட்டிங். அதுல நான் ஏதாவது கையில வெச்சுக்கிட்டுப் பேசணும்ல?"

அன்றிலிருந்து அது அவளுக்கு வெறும் புல்லாக இல்லை. ஒவ்வொரு தூரும் எழில்மதியின் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மாதிரிதான்.

முதல் மழைக்காலம் தாங்கியது. இரண்டாவது மழைக்காலத்தில் சரிவின் மேல்பாதி கல்மாதிரி நின்றது. ஆனால் கீழே ஓரிடத்தில் மட்டும் மண் தொப்பை தள்ளியது. புல் நன்றாகத்தான் இருந்தது, மண் மட்டும் பிதுங்கியது. குழாயில் பார்த்தால் தண்ணீர் இல்லை. ஏன் என்று லூக்காவுக்கும் புரியவில்லை, மாயாவுக்கும் புரியவில்லை. "தை முடியறப்ப வர்றோம், அதுவரைக்கும் புல்லை நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் ஊருக்குப் போனார்கள். செங்குட்டுவனும் நீலகிரிப் பக்கம் சரிவு பார்க்கப் போய்விட்டார்.

நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் வெட்டிவேர்க்காரிகள் என்ன செய்வார்கள்?

பொங்கல் கழிந்ததும் பொற்கொடி வந்தாள். "ஏண்டி தனம், வேரு முத்திப்போயி கெடக்குது. நட்டுப் பதினாறு மாசம் ஆயிடுச்சி. ரெண்டு மழைன்னாங்க, ரெண்டும் முடிஞ்சிபோச்சி. இதுக்கு மேல வுட்டா நாராப் போயிடும், வாசமும் இருக்காது. அவுங்க வந்து பாத்துட்டு, ஒங்ககிட்ட குடுத்தேனே இப்படியா பாழாக்குவீங்கன்னு கேக்க மாட்டாங்க?"

தனகோடிக்கும் நியாயமாகவே பட்டது. வெட்டிவேரைத் தரையில் விட்டுவைத்தவர்களை அவள் பார்த்ததேயில்லை. வேர்தான் பயிர். பயிர் விளைந்தால் பிடுங்குவார்கள். நுனிப்புல்லை அறுத்து, தூரைப் பிரித்து, அடுத்த நடவுக்கு நாற்றாக வைத்துக்கொள்வார்கள். கும்பலே இறங்கியது. அவரவர் வரிசையில் அவரவர் நின்றார்கள். கிழக்கே ஆரம்பித்து மேற்கே போனார்கள். கடப்பாறையால் நெம்பி, வேர் அறாமல் உருவி, மண்ணை உதறி, கைப்பிடி சேர்ந்ததும் ஒரு கட்டு. வரிசைக்கு ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் கட்டுகளைப் பிடுங்கிய வாக்கிலேயே கோத்துக்கொண்டு போனார்கள். கொடியில் போட்டு உலர்த்த அப்போதுதான் தோது. கயிற்றின் முனையில் ஆளுக்கொரு பழைய புடவைக் கிழிசலை முடிந்தார்கள். யார் வேர் நீளம் என்று பிற்பாடு பார்க்கவேண்டுமே!

தோண்டிய குழியை எல்லாம் மூடி, மிதித்துச் சமமாக்கிவிட்டார்கள். நாற்றை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தார்கள். வேரை வடலூரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிற சாஜிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தைப்பூசம் வருகிறது, ஜோதி பார்க்க வருகிற கூட்டம் வாங்கிக்கொண்டு போகும், விற்றதைச் செங்குட்டுவன் சாரிடம் அப்படியே ஒப்படைத்துவிடலாம் என்பது கணக்கு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் செங்குட்டுவன், லூக்கா, மாயா மூவரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தனகோடி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே போனாள். "சார், ஒரு வேரு அறாம எடுத்திருக்கம் சார். நாத்து கூட பத்திரமா வெச்சிருக்கம்."

செங்குட்டுவன் சரிவைப் பார்த்தார். மொட்டையாக, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

"யாரும்மா... யாரும்மா புடுங்கச் சொன்னது?"

"பருவம் சார்" என்றாள் பொற்கொடி.

"பருவமா? மண்ணைப் புடிச்சிக்கிட்டு நிக்கறதுக்குத்தானே நட்டது! பத்து வருஷம் நிக்கணும்! எத்தனை தடவை சொன்னேன்?"

"நிக்கணும்னு சொன்னீங்க. புடுங்கக் கூடாதுன்னு சொல்லலியே சார்."

செங்குட்டுவன் ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றார். தனகோடி அவர் எதிரே போய் நின்றாள். "சார், அப்ப கோத்தகிரி?"

"எத வெச்சுக்கிட்டு நான் கேப்பேன்? மீட்டிங்ல என்னம்மா காட்டுறது? ரெண்டு மழை தாங்கிச்சு, அப்புறம் நாங்களே புடுங்கிட்டோம்னா?" கோபத்தில் ஆரம்பித்தவர், முடிக்கும்போது குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

தனகோடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வீட்டுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்து வளர்த்ததைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரித்துக்கொண்டே அல்லவா பிடுங்கினாள்!

லூக்கா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மாயா சரிவில் ஏறி, மண்ணில் தப்பி நின்ற ஒரு வேர்த்துண்டை உருவினாள். முகர்ந்தாள், திருப்பிப் பார்த்தாள். கீழே வந்து என்னவோ கேட்டாள்.

"வேரெல்லாம் எங்கேன்னு கேக்கறாங்க" என்றார் செங்குட்டுவன்.

"வடலூர்ல. சாஜிதா கடை மொட்டைமாடியில காயுது."

"எல்லாம் ஒண்ணாக் கலந்துருக்குமான்னு கேக்கறாங்க."

அழுகையிலும் தனகோடிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கலக்கறதா? அடுத்தவ வரிசையோட கலந்தா குடுமிப்புடி சண்டை வந்துடாது? வரிசைக்கு ஒரு கயிறு சார். கெழக்கலேர்ந்து மேக்கால புடுங்கின வாக்குல கோத்திருக்குது."

செங்குட்டுவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாயா அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "தீதி," என்றாள், "சீக்கிரம், சீக்கிரம்." அந்த ஒரு தமிழ் வார்த்தையை எங்கே கற்றாளோ!

விற்றுப்போவதற்குள் கயிறுகளை அப்படியே கொண்டுவர வேண்டும். தைப்பூசக் கூட்டத்தில் ஜீப் போகாது. வேணு அப்போதுதான் ஷிப்ட் முடிந்து, முகத்தில் கரித்தூளோடு வந்து நின்றார். அவருடைய டிவிஎஸ் வண்டியில் தனகோடி தொற்றிக்கொண்டாள்.

வடலூர் ரோடு முழுக்க ஜனம். பஸ்கள் வரிசைகட்டி நின்றன. அன்னதானப் பந்தல்களின் சாம்பார் வாசனைக்குள் வேணு ஒதுங்கி ஒதுங்கி வண்டியை விட்டார். "ஏய், அழுவாத. கூட்டத்துல என்னமோ நான் அடிச்சிகினு வர்றன்னு நெனைக்கப் போறாங்க" என்றார் திரும்பாமலே.

சாஜிதா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேரைத் துண்டு துண்டாக நறுக்கிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். ராமசாமி தெருவைக் காலிசெய்தபோது அவள் புருஷன் ஹிதாயத்துல்லாவின் வீட்டார்தான் சாமான் ஏற்ற வண்டி கொடுத்தவர்கள். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை.

"யக்கா நிறுத்து! நறுக்காத!" தனகோடி கடைக்கு வெளியிலிருந்தே கத்தினாள்.

"அல்லா! எதுக்குடி இப்படிக் கத்துற? கத்தி வெரல்ல பட்டிருந்தா?"

"எவ்ளோ வித்த?"

"ஒரு கயிறுதான் அவுத்தேன். பச்சைப் புடவைக் கிழிசல் முடிஞ்சது. நல்லா விக்குது, அடுத்ததும் அவுக்கலாம்னு..."

"பச்சையா? அது மேல்வரிசை. போனாப் போவட்டும். மிச்சத்தக் குடு."

"நீதானடி விக்கச் சொன்ன?"

"இப்ப விக்காதன்னு சொல்றன்ல? எம்பொண்ணு வூடு அதுல இருக்குது யக்கா."

வெட்டிவேருக்குள் பெண்ணின் வீடு எப்படி இருக்கும் என்று சாஜிதா கேட்கவில்லை. தனகோடியின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து மாடிப்படி ஏறினாள். கயிறுகளைச் சிக்காமல் ஒவ்வொன்றாக இறக்கி, கடைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். "ஒதறாம எடுத்துகினு போ" என்றாள்.

தனகோடி மடியில் மூட்டையோடு வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் வாசம். நடந்து போன கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மேட்டில் பெண்கள் காத்திருந்தார்கள். கயிற்றுமுனைக் கிழிசலைப் பார்த்து அவரவர் தங்கள் கயிற்றை எடுத்தார்கள். நட்ட இடத்திலேயே கிழக்கிலிருந்து மேற்காக விரித்தார்கள். மொட்டைச் சரிவில் வேர்மாலைகள் வரிசையாக ஏறின. பச்சைக் கிழிசலின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மாயா மேலிருந்து இறங்கி வந்தாள். மேல் வரிசைகளில் வேர் ஆளுயரம், வைக்கோல் நிறம். கீழே வர வர, நடுவில் ஓரிடத்தில் வேர் முழங்கை நீளத்தோடு நின்றிருந்தது. முனை கறுத்து, பக்கவாட்டில் சுருண்டிருந்தது. அடுத்த வரிசையிலும் அப்படித்தான், கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. தனகோடியின் வரிசையில் பாதி கறுப்பு.

"நான் நல்லாத்தான் பாத்துகினேன்" என்றாள் தனகோடி, யாரும் கேட்காமலே.

"ஒன் வேரு குட்டைன்னு நாங்க ஒண்ணும் சொல்லலடி" என்றாள் பொற்கொடி. ஆனால் தன் கயிற்றை ஒருதரம் பெருமையாகப் பார்த்துக்கொண்டாள்.

லூக்கா ஒரு சுண்ணாம்புப் பையை எடுத்துவந்து, கறுத்த கட்டுகள் கிடந்த இடத்தையெல்லாம் தொட்டுக்கொண்டே ஒரு கோடு போட்டார். கோடு சரிவில் சாய்வாக இறங்கி, தொப்பை தள்ளிய இடத்தில் போய் முடிந்தது. அவரும் மாயாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செங்குட்டுவன் எதைச் சொல்வது என்று தெரியாமல் திணறினார்.

"உள்ள களிமண் ஒரு அடுக்கு சாய்வாக் கெடக்குதாம்மா. மழைத்தண்ணி எறங்கிப் போயி அதுமேல நின்னுடுது. அந்தத் தண்ணியில வேர் மூச்சு விட முடியாம நின்னுபோச்சு. மண்ணு அதுமேல வழுக்கிக்கிட்டுத்தான் தொப்பை தள்ளுது. நாங்க எறக்கின ரெண்டு குழாயும் அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாத் தப்பிப்போச்சு. வேரைப் புடுங்காம இது தெரிஞ்சிருக்காது. ஒரு ஓரத்துலயாவது நாமளே புடுங்கிப் பாத்திருக்கணும், அதை நாங்க யோசிக்கலன்னு லூக்கா சொல்றாரு."

"அப்ப புடுங்கினது நல்லதா?" பொற்கொடி விடவில்லை.

"நல்லதுன்னு சொன்னா அடுத்த தையும் புடுங்கிடுவீங்க" என்றார் செங்குட்டுவன். அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

கோட்டின் நடுவில் கைத்துரப்பணத்தால் மண்ணைத் துளைத்தார்கள். கொஞ்ச ஆழத்திலேயே சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில், கீழிருந்து மேலாகச் சரித்து ஒரு நீளக் குழாயைச் செருகினார்கள். தண்ணீர் வந்தது. வேணு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "சுரங்கத்துல குழி வெட்டறதுக்கு முன்னாடி ராவும் பகலும் தண்ணிய எறைக்கிறாங்க. மேட்டுக்கும் அதே கதிதானா?" என்றார். லூக்கா அதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர் மலையிலும் அதே கதிதான் என்று வேணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கரிக்கையும் சிவப்புக் கையும் கொஞ்ச நேரம் ஆடின.

தண்ணீர் முதலில் செம்மண் கரைசலாக வந்தது. மாயா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். வரவர அது தெளிந்தது. அவள் தனகோடியைக் கூப்பிட்டு உள்ளங்கையில் பிடித்துக் காட்டினாள். செங்குட்டுவன் விளக்கினார். தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வெளியே போகிறது, மலை நிற்கும். கலங்கலாக வந்துகொண்டேயிருந்தால் உள்ளே மண்ணும் கரைகிறது. அப்போது யாரையும் கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மாசியில் மீட்டிங் நடந்தது. அதற்கு முன்பாகவே செங்குட்டுவன் நீலகிரியில் எல்லாச் சரிவுப் பக்கத்து ஆட்களிடமும் ஒரே கேள்வி கேட்டிருந்தார். வெயில் காலத்திலும் எந்த இடம் காயாமல் பச்சையாக நிற்கிறது? அடியில் தண்ணீர் தேங்குகிற இடம் அதுதான். எழில்மதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் நடந்து வீடியோ எடுத்து அனுப்பினாள். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, வெடிப்புக்குக் கீழே ஓரிடம் மட்டும் பசேலென்று இருந்தது. நெய்வேலியில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கும் அந்தப் பச்சைக்கும் சாடை ஒன்றாக இருந்தது. மூன்று நாட்டில் மூன்று சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாயாவின் நாட்டில் ஒன்று, பெரு நாட்டில் ஒன்று, கோத்தகிரிப் பக்கம் எழில்மதியின் வீட்டுப் பின்புறம் ஒன்று.

சித்திரையில் குழாய் போட்டார்கள். வைகாசிக் கடைசியில் நாற்று நட நெய்வேலிப் பெண்கள் வேனில் ஏறினார்கள். ஈரச்சாக்கில் பொத்திவைத்து, மறுபடி நட்டுப் பெருக்கிய அதே நாற்று. கொண்டைஊசி வளைவில் பாதிப் பேர் வாந்தி. பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு, "எங்க ஊரு மேடே போதும்டி, எங்க ஊரு மேடே போதும்டி" என்றுகொண்டே வந்தாள்.

எழில்மதி வாசலில் நின்றாள். அவளுடைய மாமியார், அதாவது வேணுவின் தங்கை, பின்னால் வந்தாள். "வா அண்ணி. பொண்ணக் குடுத்த, இப்ப புல்லையும் குடுக்க வந்துட்டியா?" என்றாள். "ஆமா, ரெண்டையும் புடுங்காம பாத்துக்க" என்றாள் தனகோடி. நட்டு முடித்ததும் தெருவிலிருந்தவர்களை எல்லாம் கூட்டிவைத்து அவளே பேசினாள். "இதப் புடுங்கக் கூடாது. எத்தினி தை வந்தாலும் புடுங்கக் கூடாது. கொழாத் தண்ணி கலங்கினா மட்டும் நீங்க கெளம்பிடணும்." கூட வந்திருந்த மாயா இதைத் தன் போனில் படம்பிடித்து, நேபாளிச் சொல் சேர்த்து, அவள் ஊருக்கும் அனுப்பினாளாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இந்தத் தடவை நிஜமான மழை. நெய்வேலியில் டவுன்ஷிப் ரோடெல்லாம் ஆறாக ஓடியது. கம்பெனி பஸ் வராததால் தனகோடி வீட்டிலேயே இருந்தாள். கோத்தகிரிப் பக்கம் ரோடு அறுந்தது, மரம் விழுந்தது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. எழில்மதியின் போன் கிடைக்கவில்லை. வேணு தன் போனிலும் போட்டுப்பார்த்தார். தங்கைக்குப் போட்டார், மருமகனுக்குப் போட்டார்.

மதியச் சோறு அப்படியே ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா, ராத்திரியே எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டம்" என்றாள் எழில்மதி. "திட்டத்து ஆளுங்க மழைய அளந்துகினே இருந்தாங்க, அளவு தாண்டிடுச்சின்னு மணி அடிச்சாங்க. அத்தை வரமாட்டேன்னு கட்டில புடிச்சிகினு கெடந்தது. இவருதான் தூக்கி முதுகுல போட்டுகினு வந்தாரு."

"வளவனா? பாத்துக்கலாம் வுடுங்கன்னானே அவனா?"

"அவருதான். இப்ப மழை வுட்டிருக்குது. இங்க இருக்கற இஞ்சினீரோட போயி பாத்துட்டு வந்தாரு. பக்கத்துச் சரிவுல தேயிலைச் செடியோட கொஞ்சம் மண்ணு எறங்கிடுச்சி. நம்ம பின்னால வெடிப்பு அப்படியே இருக்குது, பெருசாவல."

தனகோடி கேட்டாள். "கொழாயில தண்ணி?"

"ராத்திரியெல்லாம் கலங்கலா வந்துச்சாம். இப்ப நானே போயி கையில புடிச்சிப் பாத்தன்."

"சொல்லுடி."

"தெளிஞ்சிடுச்சிம்மா. கைரேகை தெரியுது."

தனகோடி போனை வேணுவிடம் கொடுத்துவிட்டுத் தட்டை இழுத்தாள். ஆறிப்போன சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். வேணு, "அங்க எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று தங்கையோடு பேச ஆரம்பித்திருந்தார்.